கூட்டுப் பரிசு ஆன்லைனில்: யார் கையில் பணம், யார் பெயரில் பில்?

“ஆபீஸில் ஒருவருக்குக் கல்யாணம். பதினெட்டுப் பேர் சேர்ந்து ஆன்லைனில் நல்லதாக ஏதாவது வாங்கித் தரலாம் என்று இருக்கிறோம். ஒருவர் வாங்கிவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்வதா, முதலிலேயே வசூல் செய்துவிடுவதா, கிஃப்ட் கார்டாகப் போடுவதா?”

கொஞ்சம் கொஞ்சம் மாறிய வடிவத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர் எப்போதும் அந்த வேலையைத் தலையில் எடுத்துக்கொண்டவராகத்தான் இருப்பார். மற்றப் பதினேழு பேருக்கு “எவ்வளவு அனுப்பணும், சொல்லு” என்பதோடு வேலை முடிந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரை அந்தப் பதினெட்டாவது ஆளுக்காக.

என்ன வாங்குவது என்பதைப் பற்றித்தான் வாட்ஸ்அப் குரூப்பில் நூறு மெசேஜ் ஓடும். ஆனால் ஆபீஸ் கல்யாணம், தங்கைமுறைப் பெண்ணின் வளைகாப்பு, எங்கள் கணக்கு சாரின் பணி ஓய்வு என்று சில தடவை இதற்குள் நின்று பார்த்ததில், மனக்கசப்பு பொருளால் வந்ததே இல்லை. யார் கைப்பணம் முதலில் போகிறது, யார் பெயரில் பில் போடுகிறார்கள் என்ற இரண்டைச் சரியாக முடிவு செய்யாததால்தான் வந்தது.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, சுமை. பொருள் வீட்டுக்கு வந்து, எல்லோரிடமும் பணம் வந்து சேரும்வரை அந்தத் தொகை யார் தலையில் நிற்கிறது? எத்தனை நாள் நிற்கிறது? மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன்.

இரண்டாவது, மரியாதை. குரூப்பில் எல்லோருக்கும் ஒரே வசதி இருக்காது. சாருக்காக வசூல் செய்தபோது பெயரும் தொகையுமாக ஒரு பட்டியலைக் குரூப்பில் போட்டுவிட்டேன். 700, 700, 1,000 என்று வரிசையாக இருந்த இடத்தில் ஒரு பெயருக்கு நேரே 200. அன்று ராத்திரி பத்தரை மணிக்கு அவன் போன் செய்தான். “மாப்ளே, அந்த லிஸ்ட்ல இருந்து என் பேரை எடுத்துரு. ஜூன்ல சேர்த்துத் தர்றேன்.” ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்தில் சார்மேல் எங்கள் எல்லோரையும் விட அதிகப் பாசம் வைத்திருந்தவன். அந்தப் பட்டியலை உடனே அழித்தேன், ஆனால் அதற்குள் இருபத்திரண்டு பேரும் பார்த்திருந்தார்கள்.

நம் ஊரில் மொய் நோட்டு இருக்கிறது. அதில் தொகையை எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தில் இதற்காகவே கணக்கு எழுத ஆள் உட்கார்ந்திருப்பார். கூட்டுப் பரிசு அப்படிப்பட்டதல்ல. இதில் யாரும் யாருக்கும் திருப்பிச் செய்யப்போவதில்லை. பெயருக்கு நேரே ஒரு டிக் போதும். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதையும் பில்லின் படத்தையும் போட்டால் கணக்குச் சுத்தம்.

மூன்றாவது, பொருளில் குறை வந்தால் என்ன ஆகும் என்பது. ரிட்டர்ன், வாரண்டி, ஓடிபி எல்லாமே ஆர்டர் போட்டவரின் போன் எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். திரும்பி வரும் பணமும் பெரும்பாலும் எந்த வழியாகக் கட்டினோமோ அந்த வழியில்தான் வரும். இருபது பேர் பணம் போட்டிருந்தாலும் கடைக்கு வாடிக்கையாளர் ஒருவர்தான்.

அப்புறம் அவகாசம், ரகசியம், மிச்சப் பணம் எல்லாம் இருக்கின்றன. அவை அந்தந்த இடத்தில் வரும்.

## வழி 1: ஒருவர் வாங்கிவிடுவது, பிறகு வசூல்

ஆபீஸ் கல்யாணத்துக்கு இப்படித்தான் செய்தோம். வாஷிங் மெஷின், 17,990 ரூபாய், ஆளுக்கு ஆயிரம். எங்களில் மூத்தவரான ஓர் அக்கா தன் கிரெடிட் கார்டில் வாங்கினார். அன்றைக்கே பத்துப் பேர் அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு பேர். கல்யாணம் முடிந்து, போட்டோவெல்லாம் பார்த்து முடித்த பிறகு குரூப் அடங்கிப்போனது. இரண்டு மாதம் கழித்துத் தற்செயலாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, ஐந்து பேர் தரவே இல்லை. ஜூன் மாதம், மகளின் ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற நேரம். “ஆயிரம் ரூபாயைக் கேட்டால் சின்னத்தனமாகத் தெரியும், விடுப்பா” என்றார். அந்த ஐந்து பேரும் கெட்டவர்கள் அல்லர். கல்யாணம் முடிந்ததும் மறந்துபோனார்கள், அவ்வளவுதான். ஆனால் ஐயாயிரம் ரூபாய் போனது ஒரே ஒருவர் கையிலிருந்து.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு கிரெடிட் கார்டு வட்டி. கெடு தேதியில் முழுத் தொகையையும் கட்டாவிட்டால், பாக்கி நின்ற ஐயாயிரத்துக்கு மட்டும் வட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே கணக்குப் போடுவார்கள். பல கார்டுகளில் அது மாதத்துக்கு 3 சதவீதத்தைத் தாண்டும், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. “நோ காஸ்ட் இஎம்ஐ” போட்டாலும் பிராசஸிங் கட்டணமும் வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியும் ஸ்டேட்மெண்டில் தனியே வரும். இந்தத் தொகையைப் பங்குக் கணக்கில் சேர்க்க யாருக்கும் நினைவு இருக்காது.

முன்பு யூபிஐ செயலியிலிருந்தே “பணம் அனுப்பு” என்று நண்பருக்குக் கோரிக்கை அனுப்பலாம். மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்திப் பணம் பறித்ததால், தனிநபர்களுக்கிடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இப்போது நினைவூட்டுவதென்றால் போனிலோ மெசேஜிலோ நாமே கேட்டால்தான் உண்டு. கேட்கக் கூச்சப்படுகிறவர் இந்த வழிக்கு வரவே கூடாது.

எப்போது சரி? நான்கைந்து பேர், தினமும் முகம் பார்க்கிறவர்கள், விசேஷம் நாளை மறுநாள் என்றால் இதுதான் வேகமான வழி. இன்று இரவோடு முடிகிற தள்ளுபடிக்கும் இது பொருந்தும். கார்டு தள்ளுபடி யாருக்குச் சேரும் என்று பலர் கேட்கிறார்கள். பில்லில் குறைகிற தொகை எல்லோருக்கும் பொது. கார்டில் ஏறும் பாயிண்ட் கார்டுக்காரருக்கு. முன்பணம் போட்டவருக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

## வழி 2: முதலில் வசூல், பிறகு ஆர்டர்

பத்துப் பேருக்கு மேல் போனால் என் தேர்வு இதுதான். யார் தலையிலும் சுமை நிற்காது. தராதவர் தரவில்லை என்றால் பொருளைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம், யாரும் கடன்காரர் ஆவதில்லை.

சாருக்கு இப்படித்தான் செய்தோம். மே மாதக் கடைசியில் ஓய்வு. முட்டிவலி உள்ளவர் என்பதால் சாய்வு நாற்காலி, 15,490 ரூபாய். இருபத்துமூன்று பேர். சரியாக வகுத்தால் ஆளுக்கு 673 ரூபாய் சொச்சம் வரும். 673 என்று கேட்டால் யாரும் அனுப்பமாட்டார்கள், 700 என்றால் உடனே அனுப்புவார்கள். மிஞ்சியதில் சால்வையும் மாலையும் வாங்கினோம். வசூலைத் தொடங்கும்போதே “மிச்சம் இருந்தால் சால்வைக்கு” என்று சொல்லிவிட்டதால், பிறகு ஆளுக்கு முப்பது ரூபாய் திருப்பி அனுப்பும் வேலை இல்லை.

சிங்கப்பூர், துபாயில் இருக்கிற நண்பர்களும் சேரலாம். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்குகள்) வெளிநாட்டு எண்ணை இணைத்து யூபிஐ பயன்படுத்தும் வசதி 2023இலிருந்து சில நாடுகளுக்கு இருக்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற வசதியான பேநவ்வும் யூபிஐயும் இணைக்கப்பட்டன, ஆனால் இருபக்கமும் அதில் சேர்ந்திருக்கிற வங்கியாக இருக்க வேண்டும். எங்கள் துபாய் நண்பனுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. அவன் தம்பி ஊரிலிருந்து அனுப்பிவிட்டான்.

இனி, நாங்கள் சறுக்கிய இடம். வசூல் என் கணக்கில். ஆர்டர் போட்டது ஓசூரில் இருந்த நண்பன், அவன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் தள்ளுபடி இருந்ததால். நாற்காலி போய் இறங்கியது கோவில்பட்டியில். பிரவுன் கேட்டிருந்தோம், பெட்டியைப் பிரித்தால் சாம்பல் நிறம். மாற்றித் தரக் கோரிக்கை போட்டோம். எடுத்துப்போக ஆள் வரும்போதெல்லாம் ஓசூர் எண்ணுக்கு ஓடிபி போகும். அவன் ஃபேக்டரி ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்திருப்பான். வந்தவர் வாசலில் பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பிப்போவார். மூன்று முறை இப்படி ஆனது. அதற்குள் மாற்றுவதற்கான கெடு முடிந்து, சாம்பல் நிறத்தையே கொடுத்தோம். சார் இன்றும் அதில்தான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஆனால் அந்த ஒரு வாரம் ஓசூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் நான் போனில் அலைந்த அலைச்சலுக்கு ஆயிரம் ரூபாய் ஈடாகாது.

ஆகவே, தள்ளுபடி யார் கார்டில் இருந்தாலும், பொருள் போய்ச் சேரும் ஊரில் இருக்கிறவர் கணக்கிலிருந்து ஆர்டர் போடுங்கள். மாற்றிக்கொள்ளும் கெடு பல பொருள்களுக்கு 7 அல்லது 10 நாள்தான், சிலவற்றுக்குப் பணம் திரும்பாது, மாற்றுப் பொருள் மட்டுமே கிடைக்கும். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே பொருள் கைக்கு வருகிற மாதிரி நாள் பாருங்கள். ஆனால் ரொம்பவும் முன்பே வந்து, பெட்டியைப் பிரிக்காமல் மூலையில் வைத்திருந்தால், குறை தெரியும்போது கெடு போயிருக்கும். வந்த அன்றே பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். கடைக்காரர் தட்டிக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அங்கே பேசும்போதும் பில்லில் பெயர் உள்ளவரே பேசினால் வேலை சுலபம்.

இன்னொரு எச்சரிக்கை. வசூல் நடக்கிற குரூப்பில் யாராவது ஒருவரின் வாட்ஸ்அப் திருடர் கைக்குப் போனால், “இந்த க்யூஆருக்கு அனுப்புங்க” என்று புதிய படம் வரும். பணம் பெறுபவரின் எண்ணையும் செயலியில் வரும் பெயரையும் முதல் நாளே குரல் பதிவாகச் சொல்லிவிடுங்கள். பணத்தைப் பெற யாரும் யூபிஐ பின் போட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும், மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.

## வழி 3: கிஃப்ட் கார்டு

ஒவ்வொருவரும் தங்களால் முடிந்த தொகைக்குக் கிஃப்ட் கார்டு வாங்கி, பரிசு பெறுபவருக்கே நேராக அனுப்புவது ஒன்று. எல்லா கார்டையும் ஒருவர் கணக்கில் சேர்த்து அவர் பொருள் வாங்குவது இன்னொன்று. முதலாவதில் யார் எவ்வளவு போட்டார் என்பது குரூப்புக்குத் தெரியாது, அந்த வகையில் மரியாதை முழுக்கக் காப்பாற்றப்படுகிறது. எடுத்துச் செய்கிறவருக்கும் ஏறக்குறைய வேலையே இல்லை.

இதிலும் சில சிக்கல்கள் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு கிஃப்ட் கார்டின் உச்சத் தொகை 10,000 ரூபாய். அதில் மறுபடி பணம் ஏற்ற முடியாது, பணமாக எடுக்கவும் முடியாது. குறைந்தது ஒரு வருடம் செல்லுபடியாகும், அதன்பின் மிச்சம் கிடந்தால் போய்விடலாம். கணக்கில் ஒருமுறை ஏற்றிவிட்டால் அந்தக் கடையோடு கட்டுண்டுவிடுகிறோம். அதே பொருள் வேறு தளத்தில் இரண்டாயிரம் குறைவாக இருந்தாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வங்கிக் கார்டுக்கான தள்ளுபடியும் கிஃப்ட் கார்டால் கட்டும் பகுதிக்குப் பொதுவாகக் கிடைக்காது. மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து தவறினால் கார்டு முகம் தெரியாதவருக்குப் போய்விடும்.

எனக்கு இதில் மனக்குறை ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு இதை அனுப்பினால் அது பரிசாகவே போய்ச் சேர்வதில்லை. அறுபது வயதுக்காரரிடம் பதினாறு எழுத்துக் குறியீட்டைக் கொடுத்து “இதை ஏத்திக்குங்க சார்” என்று சொல்வதற்கு, நேரில் போய் ஒரு வேட்டி கொடுக்கலாம். இளையவர்களுக்கு, அதுவும் வேறு ஊருக்கு மாறிப்போய்ப் புது வீட்டைத் தாங்களே அமைக்கிறவர்களுக்கு, இது நல்ல பரிசு.

## வழி 4: விருப்பப் பட்டியல், ஆளுக்கொரு பொருள்

ஷாப்பிங் செயலிகளில் விருப்பப் பட்டியல் போட்டு இணைப்பைப் பகிரலாம். தங்கையின் வளைகாப்புக்கு இதைத்தான் செய்தோம். “எனக்கு இது வேணும்” என்று கேட்க நம் வீடுகளில் கூச்சம், அதனால் பட்டியலைப் போட்டது அவள் நாத்தனார். 250 ரூபாய்த் துணித்தொட்டியிலிருந்து 6,000 ரூபாய் தள்ளுவண்டிவரை இருந்தது. சித்தப்பா பிள்ளைகள் எட்டுப் பேரும் அவரவர் வசதிப்படி எடுத்துக்கொண்டோம். வசூல் கிடையாது, கணக்கு கிடையாது, பில் அவரவர் பெயரில்.

எட்டுப் பேர் என்பதால் நடந்தது. கூட்டம் பெருகினால் ஒரே பொருளை இரண்டு பேர் வாங்குவார்கள். ஆகவே பட்டியலோடு நிறுத்தாமல் கூகுள் ஷீட் ஒன்றில் “இதை நான் எடுத்துவிட்டேன்” என்று பெயர் எழுத வையுங்கள். சின்னப் பொருள்களுக்கு டெலிவரி கட்டணம் தனித்தனியாக விழும், எட்டு ஆர்டருக்குச் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு பொம்மையின் விலை. பெட்டிகள் ஒரே நாளில் வராது. விசேஷ வீட்டில் வாசலுக்கு ஓட ஓர் ஆள் வேண்டும்.

இதற்குப் பதிலாக ஒரே லாகினை எல்லோருக்கும் கொடுத்து, ஒரே ஷாப்பிங் கூடையில் பொருள்களைச் சேர்க்கச் சொல்லும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கணக்கில் உங்கள் முகவரியும் சேமித்த கார்டும் பழைய ஆர்டர்களும் இருக்கின்றன. பட்டியலின் இணைப்பைப் பகிருங்கள், பாஸ்வேர்டைப் பகிராதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | முன்பணச் சுமை | குறை வந்தால் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| ஒருவர் வாங்கி, பிறகு வசூல் | முழுக்க ஒருவர் மேல் | வாங்கியவரே அலைய வேண்டும் | 5 பேருக்குள், அவசரம் |
| வசூல் செய்து, பிறகு ஆர்டர் | யார் மேலும் இல்லை | உள்ளூர்க்காரர் பெயரில் பில் இருந்தால் சுலபம் | 10 பேருக்கு மேல், ஒரு பெரிய பொருள் |
| கிஃப்ட் கார்டு | இல்லை | பணம் பெரும்பாலும் கார்டு இருப்பாகவே திரும்பும் | தூரத்து நண்பர்கள், இளையவர்கள் |
| விருப்பப் பட்டியல் | அவரவர் பொருளுக்கு அவரவர் | ஒவ்வொருவரும் தனித்தனியே | புதுக் குடித்தனம், குழந்தைப் பிறப்பு |

## தங்கக் காசு என்றால்

பெரிய குரூப்பில் யாராவது “பேசாம ஒரு தங்கக் காசு வாங்கிடலாம்” என்பார்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வரும் பணத்தின் மொத்தமோ, நகை, தங்கம் போன்றவற்றின் மொத்த மதிப்போ 50,000 ரூபாயைத் தாண்டினால், வாங்கியவரின் வருமானமாகக் கருதி வரி உண்டு. கல்யாணத்துக்கு வரும் பரிசுக்கு விலக்கு இருக்கிறது, பணி ஓய்வுக்கு இல்லை. நாற்காலி, வாஷிங் மெஷின் போன்ற வீட்டுப் பொருள்கள் இந்தக் கணக்கில் வராது. இன்றைய தங்க விலையில் ஒரு பவுன் காசே அந்த வரம்பைத் தாண்டிவிடும். பெறுபவர் அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகளில் பரிசுக்குத் தனி வரம்பு உண்டு, அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

பாத்திரமாக இருந்தால் ஆன்லைனே வேண்டாம். ஊர்ப் பாத்திரக் கடையில் பணம் கட்டியதும் ஒருவர் சின்ன மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு, “பேரு சொல்லுங்க” என்பார். கிர்ரென்ற சத்தத்தோடு குத்துவிளக்கின் அடித்தட்டில் “10ஆம் வகுப்பு மாணவர்கள்” என்று வெட்டித் தருவார். அந்த எழுத்தை எந்தக் கூரியர் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை.

## குரூப்பில் போட வேண்டிய முதல் மெசேஜ்

இரண்டாவது வழியில் போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“சாருக்கு நாற்காலி வாங்குகிறோம், விலை சுமார் 15,500. முடிந்ததை அனுப்புங்கள், 700க்கு மேல் வேண்டாம். 10ஆம் தேதி இரவு 9 மணிவரை. என் எண்ணை இப்போது வாய்ஸில் சொல்கிறேன், வேறு எந்த எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். பணம் அனுப்பும்போது செயலியில் குறிப்பு எழுதும் இடத்தில் ‘சார்’ என்று எழுதுங்கள். யார் எவ்வளவு என்று குரூப்பில் போடமாட்டேன், பெயருக்கு டிக் மட்டும். ஆர்டர் கோவில்பட்டியில் இருப்பவர் பெயரில். பில்லும் மொத்தக் கணக்கும் 11ஆம் தேதி வரும். மிச்சம் சால்வைக்கு. இப்போது அனுப்ப முடியாதவர்கள் 31ஆம் தேதி சாரைப் பார்க்க வந்தால் போதும், உங்கள் பெயரும் வாழ்த்து அட்டையில் இருக்கும்.”